மாடி எழுப்பும் முன் ஒரு குழாய் வரைபடம்: திட்டமிடல் சேவை பற்றிய மதிப்பீடு

பழைய வீட்டின்மேல் மாடி எழுப்புவோருக்குத் தண்ணீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் மட்டும் தனியே திட்டமிட்டு, வரைபடமும் பொருள் பட்டியலும் தயாரித்துக் கொடுக்கும் சிறு அலுவலகங்கள் இப்போது நம் நகரங்களில் இயங்குகின்றன. திருச்சிப் புறநகரில் 1990களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின்மேல் இரண்டு படுக்கையறைகள், இரண்டு குளியலறைகள், ஒரு சிறு சமையலறை ஆகியவற்றைச் சேர்க்க முடிவு செய்தபோது, அத்தகைய ஓர் அலுவலகத்தின் சேவையைப் பெற்றோம். கட்டணம் 14,000 ரூபாய். கட்டடப் பொறியாளரும் நல்ல பிளம்பரும் இருக்கையில் இதற்கென்று தனியாக ஒருவர் எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். மாடி கட்டி முடித்து அதில் குடியிருக்கும் இந்த நிலையில், அந்தக் கேள்விக்கு என்னிடம் விரிவான விடை இருக்கிறது. அலுவலகத்தின் பெயரைவிட இத்தகைய சேவையில் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால், பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புதிய மனையில் புதிய வீடு கட்டுவோருக்கு இந்தச் சேவை வசதி. பழைய வீட்டின்மேல் கட்டுவோருக்கு இது அவசியம். புது வீட்டில் செப்டிக் டேங்கின் ஆழம், தளத்தின் மட்டம், தூண்களின் இடம் எல்லாம் இனிமேல்தான் முடிவாகும். குழாய்க்கு ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளலாம். மாடி சேர்க்கும்போது இவை அனைத்தும் முன்பே உறுதியாகிவிட்டவை. குழாய்தான் அவற்றுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். அந்த வளைவுக்கும் ஓர் எல்லை உண்டு.

அளவெடுக்க வந்த வடிவமைப்பாளர் மாடிக்கு ஏறவே இல்லை என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. வீட்டின் பின்புறம் சென்று, கழிவுநீர் ஆய்வுத் தொட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு தொட்டியிலும் குழாயின் அடிமட்டம் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று டியூப் லெவல் (மட்டம் பார்க்க உதவும், நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்துக் குறித்துக்கொண்டார். செப்டிக் டேங்கின் உள்வாய் தரைக்குக் கீழே 40 செ.மீ. ஆழத்தில் இருந்தது. அந்த ஓர் எண்தான் பின்னர் எங்கள் மாடியின் அமைப்பையே முடிவு செய்தது.

எங்கள் விருப்பம் வேறாக இருந்தது. தெருப்பக்கமுள்ள பெரிய அறைக்கு இணைந்த குளியலறை வேண்டும் என்று வீட்டில் அனைவரும் கேட்டோம். அப்படி வைத்தால் அந்தக் கழிவு கீழே இறங்கி, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக 12 மீட்டர் ஓடிப் பின்புறச் செப்டிக் டேங்கைச் சேர வேண்டும். 110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு 60-க்கு 1, அதாவது 60 அடி ஓட்டத்துக்கு ஓர் அடி இறக்கம், என்பது நல்ல வாட்டம் (சரிவு). வாட்டம் மிகவும் குறைந்தால் திடக்கழிவு குழாயில் தங்கிவிடும். மிகவும் கூடினால் தண்ணீர் மட்டும் விரைந்து ஓடிவிட்டுக் கழிவு பின்தங்கும் என்பார்கள். 12 மீட்டருக்கு 60-க்கு 1 என்றால் 20 செ.மீ. இறக்கம் தேவை. முடிவில் 40 செ.மீ. ஆழம் என்றால், தொடக்கத்தில் குழாய் தரைக்குக் கீழே 20 செ.மீ. மட்டுமே இருக்கும். அந்த இடத்தில்தான் கார் நுழைகிறது. பிளாஸ்டிக் குழாயின்மேல் அவ்வளவு குறைந்த மூடலோடு வண்டி ஏறி இறங்கினால் இணைப்புகள் நாளடைவில் விலகும். இதை அவர் வாதமாகச் சொல்லவில்லை. ஒரு தாளில் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து, மட்டங்களை எழுதி, எங்கள் முன் வைத்தார். அதைப் பார்த்தபின் என் தாயாரே, குளியலறைகளைப் பின்பக்கம், கீழ்வீட்டுக் குளியலறைகளுக்கு நேர்மேலே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அறை அமைப்பை வரைந்த பிறகு குழாயைப் பொருத்துவது நம் வழக்கம். கழிவுநீரின் மட்டத்தை அளந்த பிறகு அறைகளை அமைப்பதே முறை என்பதை இந்த ஒரு தாள் எங்களுக்குப் புரியவைத்தது. கட்டணத்தின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே ஈடாகிவிட்டதாகக் கருதுகிறேன்.

செப்டிக் டேங்கின் கொள்ளளவையும் அவர் சோதித்தார். இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதித்தொகுப்பில் பயன்படுத்துவோர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவுகள் இருக்கின்றன: ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம். பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால் இரண்டிலும் நீரின் ஆழம் 1 மீட்டர். எங்கள் தொட்டி பத்துப் பேருக்கு உரிய அளவைவிடச் சற்றுப் பெரிது என்பதால் அதை இடிக்க வேண்டிய தேவை எழவில்லை. குளியல் நீரையும் துணி துவைக்கும் நீரையும் அதில் விடாமல், தனிக் குழாயில் தோட்டப் பக்கம் கொண்டுசெல்லும்படி வரைந்திருந்தார். தொட்டிக்குள் சோப்பு நீர் பெருகினால் கசடு படிவதற்கு முன்பே வெளியேறிவிடும் என்பதால் இது சரியான ஏற்பாடு.

மாடி சேர்ப்பவர்கள் பலருக்கும் தெரியாத, எனக்கும் அதுவரை தோன்றாத இன்னொரு சிக்கல் கீழ்வீட்டின் மேல்தளம். புதுக் கட்டடமானால் குளியலறை வரும் இடத்தில் தளத்தை ஓர் அடிக்குமேல் தாழ்த்திக் கான்கிரீட் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓடவிட்டு, மேலே நிரப்பித் தரை போடுவார்கள். எங்கள் மேல்தளமோ முப்பது ஆண்டுகளுக்கு முன் சமமாகப் போடப்பட்டது. அதில் பள்ளத்துக்கு இடமில்லை. வழக்கமாகக் கொத்தனார்கள் சொல்லும் தீர்வு, குளியலறைத் தரையை மட்டும் ஓர் அடி உயர்த்தி இரண்டு படி வைப்பது. முழங்கால் வலியுள்ள என் தாயார் இரவில் அந்தப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருக்கும். சுமையும் சிறிதன்று: ஐந்தடிக்கு எட்டடி அறையில் 20 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பினாலே அது ஒரு டன்னைத் தாண்டும். முன்பு வெறும் மொட்டை மாடிக்காக வடிவமைத்த தளத்தின்மேல் அது நிரந்தரமாக அமர்ந்திருக்கும். நிரப்புக்குள் எங்காவது ஓர் இணைப்பு கசிந்தால், ஜல்லி முழுவதும் ஊறிய பிறகுதான் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்.

வடிவமைப்பாளர் தந்த தீர்வு மூன்று சிறு முடிவுகளின் சேர்க்கை. மொட்டை மாடியில் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகப் போட்டிருந்த சுண்ணாம்பு, செங்கல் ஜல்லித் தளத்தையும் அதன்மேல் பதித்த தட்டோட்டையும் எப்படியும் வெட்டி எடுக்கத்தான் போகிறோம்; அதில் ஏறத்தாழ 10 செ.மீ. கிடைக்கும், அந்த உயரத்தைக் குளியலறையில் வீணாக்காமல் நீர்த்தடுப்புப் பூச்சுக்கும் தரையின் வாட்டத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். அடுத்தது, கழிப்பறைப் பீங்கானைத் தரையில் இறங்கும் வகையாக வாங்காமல், பின்புறச் சுவர் வழியாகக் கழிவு வெளியேறும் பி-டிராப் வகையாக வாங்குவது. அதன் வாய் தரைக்குமேல் சுமார் 18 செ.மீ. உயரத்தில் இருப்பதால் குழாய் தளத்தைத் துளைக்காமல் நேராக வெளிச்சுவரைக் கடந்து செங்குத்துக் குழாயைச் சேர்ந்துவிடும். தரையில் வழியும் குளியல் நீருக்கு மட்டும் தளத்தில் ஒரு துளை போட்டு, கீழ்வீட்டுக் குளியலறையின் கூரைக்கு அடியில் குழாயை ஓடவிட்டு, அதைப் பொய்க்கூரையால் மறைப்பது மூன்றாவது. எங்காவது கசிந்தால் பொய்க்கூரைப் பலகையை நகர்த்திப் பார்த்துவிடலாம். தரையை உடைக்க வேண்டியதில்லை. மேலும் கீழும் ஒரே குடும்பம் என்பதால் இதில் எங்களுக்குத் தடை இல்லை. கீழ்வீட்டை வாடகைக்கு விட எண்ணுவோர் இந்த ஏற்பாட்டைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

துளை போடும் இடத்தையும் அவர் தன்னிச்சையாக முடிவு செய்யவில்லை. உத்தரத்தையும் தூணையும் எவ்வகையிலும் தொடக்கூடாது, தளத்தின் முதன்மைக் கம்பி அறுபடக்கூடாது என்பதற்காகக் கட்டடப் பொறியாளரிடம் கையொப்பம் பெற்ற பிறகே வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்தார். சுத்தியும் உளியும் கொண்டு உடைக்காமல், வைரப்பல் கொண்ட கோர் கட்டிங் இயந்திரத்தால் வட்டமாக வெட்ட வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தார். புதிய மேல்தளக் கான்கிரீட்டிலும் சுவர்களிலும் குழாய் கடக்கும் இடங்களுக்கு முன்னதாகவே உறைகள் (குழாய் நுழைய இடம் விடும் சற்றுப் பெரிய குழாய்த் துண்டுகள்) வைக்கும்படி தனித் தாள் ஒன்று கொடுத்திருந்தார். சென்ட்ரிங் வேலை நடக்கும்போது கம்பி கட்டுபவர் கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான். பிற்பாடு துளையிடும் செலவையும் சேதத்தையும் அது தவிர்த்தது.

பழைய காற்றுக் குழாயைக் கவனித்தது இன்னொரு நல்ல செயல். கீழ்வீட்டுக் கழிவுக் குழாயின் வென்ட் பைப் பழைய மொட்டை மாடிக்குச் சற்று மேலே முடிந்திருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் புதிய படுக்கையறை ஜன்னலுக்கு அருகில் அது திறந்திருக்கும். அதைப் புதிய மாடிக்கு மேல்வரை நீட்டியதோடு, மேல்தளக் கழிவு வேகமாக இறங்கும்போது கீழ்வீட்டு டிராப்பில் (குழாயில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வளைவில்) நிற்கும் நீர் உறிஞ்சப்படாமல் இருக்கும்படி இணைப்புகளை அமைத்திருந்தார். டிராப்பில் நிற்கும் 50 மி.மீ. நீர்தான் சாக்கடை நாற்றத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள ஒரே தடுப்பு. குளியலறை நாற்றத்துக்கு எத்தனையோ வீடுகளில் வாசனைத் திரவியத்தால் தீர்வு தேடுகிறார்கள். பல இடங்களில் காரணம் காற்றுக் குழாய் இல்லாததுதான். மழைநீர்க் குழாய்களும் இவ்வாறே பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாற்றப்பட்டு, சேகரிப்புக் குழியோடு மீண்டும் இணைக்கப்பட்டன. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான அந்த அமைப்பு, மாடி எழுப்பும்போது அறுந்துபோய் அப்படியே விடப்படுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்ப் பக்கத்துக் கணக்கு ஒப்பீட்டளவில் எளிது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவை வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர் வேண்டும். ஏற்கெனவே இருந்த 750 லிட்டர்த் தொட்டி போதாது; அதோடு இன்னொரு தொட்டியும் வேண்டும். நிறைந்த 1,000 லிட்டர்த் தொட்டி ஒரு டன் எடை என்பதால், இரண்டு தொட்டிகளையும் தளத்தின் நடுவில் வைக்காமல், நான்கு பக்கமும் உத்தரம் தாங்கும் படிக்கட்டு அறையின் கூரைமேல் வைக்கச் சொன்னார். அழுத்தத்துக்கும் அதுவே ஏற்ற இடம். ஒரு மீட்டர் உயர வேறுபாடு சுமார் 0.1 பார் அழுத்தம் தரும். புதிய மொட்டை மாடித் தளத்திலேயே தொட்டியை வைத்திருந்தால், அதற்குச் சற்றே கீழுள்ள மாடிக் குளியலறை ஷவருக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் அளவில்தான் இருக்கும். படிக்கட்டு அறையின்மேல் வைத்ததால் அது 0.35 பாரைத் தாண்டியது. சாதாரண ஷவருக்கு இது போதும். கூரையில் பொருத்தும் அகன்ற மழை ஷவர் வேண்டுமானால் அழுத்த மோட்டார் இல்லாமல் முடியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நாங்கள் அந்த ஆசையை விட்டுவிட்டோம். ஒவ்வொரு குளியலறைக்கும் தொட்டியிலிருந்து தனித்தனி இறக்கு குழாய், ஒவ்வொன்றுக்கும் மேலேயே ஒரு வால்வு, காற்று அடைக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் திறந்த காற்றுக் குழாய் என்ற அமைப்பு, ஓர் இடத்தில் பழுது வந்தால் வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டிய நிலையைத் தவிர்க்கிறது.

கட்டுமானம் நடந்த மாதங்களில் நாங்கள் கீழ்வீட்டிலேயே குடியிருந்தோம். பழைய தொட்டி புதிய சுவர்கள் வரும் இடத்தில் இருந்ததால், அதை எடுத்த நாள் முதல் புதிய தொட்டி ஏறும்வரை வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்பதை வேறு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வடிவமைப்பாளர் தந்த தாள்களில் ஒன்று இதற்கென்றே இருந்தது: பின்பக்க மதிலருகே இரும்புத் தாங்கியின்மேல் பழைய தொட்டி, அதிலிருந்து கீழ்வீட்டுக்குத் தற்காலிகக் குழாய், மோட்டாரிலிருந்து அதற்கு ஒரு கிளை. பெரிய செலவில்லாத இந்த ஏற்பாட்டால் அத்தனை மாதங்களும் சிரமமின்றிக் கழிந்தன. குடியிருந்துகொண்டே கட்டுவோர் எந்தத் திட்டமிடுபவரிடமும் இந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

பொருள் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனிப் பெயரை எழுதாமல் தரக் குறியீட்டை எழுதியிருந்தார்கள்: சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்க்கு ஐஎஸ் 15778 முத்திரையுள்ள சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்), எஸ்டிஆர் 11 (குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும் எண்), கழிவுக் குழாய்க்கு ஐஎஸ் 13592 முத்திரையுள்ள எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீருக்கான பிளாஸ்டிக் குழாய்), டைப் பி. இந்தக் கடைசி இரண்டு சொற்கள் முக்கியமானவை. டைப் ஏ என்பது மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரிய மெல்லிய வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், விலையில்தான் வேறுபாடு தெரியும். மலக்கழிவுக் குழாய்க்கு டைப் ஏ வாங்கிப் பொருத்திவிட்டால், சுவர்ப் பூச்சு முடிந்தபின் அதை அறிய வழியே இல்லை. பட்டியல் கையில் இருந்ததால், குழாயின்மேல் அச்சிட்டிருந்த எழுத்துகளை நானே படித்துச் சரிபார்த்து வாங்க முடிந்தது. பழைய இரும்புக் குழாயோடு எந்த இடத்திலும் புதிய குழாயை இணைக்க வேண்டாம், முழுவதையும் கழற்றிவிடுங்கள் என்ற குறிப்பும், மொட்டை மாடியில் வெயில் படும் சிபிவிசிக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் பூச வேண்டும் என்ற குறிப்பும் பட்டியலோடு இருந்தன.

குறைகளும் இருந்தன, அவற்றை மறைப்பது நியாயமாகாது. வரைபடங்கள் முழுவதும் ஆங்கிலத்திலும் மில்லிமீட்டரிலும் இருந்தன. எங்கள் பிளம்பர் அனுபவமும் திறமையும் மிக்கவர். ஆனால் அவர் வேலை செய்வது அங்குலத்திலும் அடியிலும். தமிழ்க் குறிப்புகளும் அங்குல அளவுகளும் உள்ள ஒரு படி வேண்டும் என்று கேட்டபோது அது தங்கள் வழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை செய்யப்போகிறவரால் படிக்க முடியாத வரைபடம் எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருந்தாலும் பாதிப் பயனே தரும். தமிழ்நாட்டில் இந்தச் சேவையை நடத்துவோர் இதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். அளவுகளை மாற்றித் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்க வேண்டியிருந்தது.

சூரிய ஒளி நீர்ச்சூடேற்றிக்கு இடம் விடாததை இரண்டாவது குறையாகச் சொல்வேன். அதன் கலனுக்கு குளிர்நீர் தானாக இறங்க வேண்டுமானால் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் தொட்டி அந்த உயரத்தில் இருந்தும், வெந்நீர் இறங்குவதற்கான குழாயை வரைபடத்தில் காட்டவில்லை. நாங்கள் கேட்டபின் சேர்த்தார்கள். ஆனால் அதை இரண்டாவது திருத்தமாகக் கணக்கிட்டுத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். முதல் சந்திப்பிலேயே அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பதால், இந்தக் கட்டணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சொன்ன நாளைவிட வரைபடம் தாமதமாக வந்ததையும் குறிப்பிட வேண்டும். கம்பி கட்டும் வேலை தொடங்கும் தறுவாயில்தான் உறைகளுக்கான தாள் கைக்கு வந்தது.

சோதனை நாளில் அவர்கள் நடந்துகொண்ட விதம் இந்தக் குறைகளைப் பெருமளவு ஈடுசெய்தது. சுவர்ப் பூச்சுக்கு முன்பு எல்லாக் குழாய்களின் வாயையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஒட்டுப்பசை உலர ஒரு நாள் முழுவதும் விட்ட பிறகே சோதிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். மாடிச் சமையலறைச் சுவரில் ஒரு முழங்கை இணைப்பில் துளித்துளியாக நீர் கசிவது அப்போதுதான் தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டியெடுத்து மாற்றி, மறுபடியும் சோதித்தார்கள். குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் 72 மணி நேரம் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகுதான் டைல் பதிக்க அனுமதித்தார்கள். இந்தச் சோதனைக்கு வருவது அடிப்படைக் கட்டணத்தில் சேர்ந்தது. அன்றாட மேற்பார்வைக்குத் தனிக் கட்டணம் உண்டு. நாங்கள் அதைப் பெறவில்லை, அதற்கான தேவையும் எழவில்லை.

இத்தகைய சேவையை நாடுவோர், கட்டட அனுமதிக்கான வரைபடம் முடிவாவதற்கு முன்பே சென்றுவிட வேண்டும். அறைகளின் இடம் முடிவான பிறகு சென்றால், இருக்கிற இடத்துக்குக் குழாயை எப்படியாவது கொண்டுசேர்க்கும் வழியை மட்டுமே அவர்களால் சொல்ல முடியும். ஒப்பந்தத்தில் நான்கைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்: பழைய கழிவுநீர் மட்டங்களை அளந்து குறித்த தாள், உறைகளுக்கான தாள், கட்டுமானக் காலத் தண்ணீர் ஏற்பாடு, பூச்சுக்கு முந்தைய அழுத்தச் சோதனை. எத்தனை திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பூச்சு வேலைக்கு முதல் நாள் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளும்படி அவர்கள் சொன்னார்கள். கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும் இடத்தைக்கூட இப்போது அந்தப் படங்களைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.